மூலம் இல்லாத பதினான்கு பக்கம்

கும்மிடிப்பூண்டி வண்டி
கொருக்குப்பேட்டை தாண்டி நின்றுவிட்டது.
சிக்னல் விழுவதற்குள் மடிக்கணினியைத் திறந்து
பொதியைப் பிரித்தேன்.

கழிமுகத்தில் ஓதம் ஏறி இறங்குவதைக்
கணக்கிடும் சின்ன நிரல்.
உரிமம் சரி. வரிகள் சரி.
கடைசிக் கோப்புறையில் மட்டும்
ஒற்றை பிடிஎஃப்:
எண்ணூர் முகத்துவாரம் பற்றிப் பதினான்கு பக்க ஆய்வுக்கட்டுரை.
அதை அச்சுக்கோத்த டெக் கோப்பு இல்லை.
படங்கள் எந்த எண்களிலிருந்து முளைத்தன,
அந்த எண்களும் இல்லை.

எங்கள் விதியில் சுற்றிவளைப்பு கிடையாது.
வாங்குகிறவர் திருத்த முடியாத எதையும்
சுதந்திரம் என்று பெயரிட்டுக் கொடுக்காதே.
மூலம் வேண்டும்.

எதிரே பெட்டிச் சுவரில்
பாதி கிழிந்த நோட்டீஸ்:
மூலம், பௌத்திரம்,
ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்.
சிரித்துவிட்டேன்.
மீன்கூடையோடு இருந்த அம்மாள்
என்னைப் பார்த்தாள், நோட்டீஸைப் பார்த்தாள்,
இரக்கத்தோடு கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.

கட்டுரையாளர் ரெஜினால்டு தனசிங்குக்கு எழுதினேன்.
ஒன்பதாம் நாள் பதில்:
"பழைய கணினி வெள்ளத்தோடு போயிற்று.
பிடிஎஃப் நன்றாகத்தானே திறக்கிறது?"

திறக்கிறது, ஐயா.
ஐஸ்பெட்டிக்குள் படுத்திருப்பவரின் முகமும்
தெளிவாகத்தான் தெரியும்.

மூன்றாம் படத்தில் ஒரு புள்ளி,
வளைகோட்டில் சேராமல்
தனியே கீழே கிடக்கிறது.
பிழையா, ஆறா?
எண்கள் இருந்தால் சொல்லிவிடலாம்.

நன்றியுரையில்
பல்கலைக்கழகத்துக்கு நாலு வரி,
நிதி கொடுத்தவர்களுக்கு மூன்று,
"உள்ளூர் மீனவர் ஒருவருக்கு" அரை.
அந்த ஒருவரை
நெட்டுக்குப்பத்தில் மூன்று டீக்கடை கேட்டுக் கண்டுபிடித்தேன்.
தேசராசன்.
அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு முதுகைக் காட்டி
வலையில் நண்டுக்கால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெஜினால்டு சாரா?
என் பைபர் போட்டுலதான் இட்டுனு போனேன்.
முன்னூறு ரூபா பாக்கி."

தேதியைச் சொன்னேன்.
"அன்னிக்கா? மொகத்துவாரம் மண்ணு மூடி
அடைச்சிக்கினு இருந்துச்சே.
தண்ணி எங்க ஏறும்?
அவரு மெஷினு வேலை செய்யல.
கயித்துல கல்லு கட்டி நாந்தான் ஆழம் பார்த்தேன்."

டீசல் நோட்டு ஒன்றை எடுத்துவந்தார்.
சாம்பல் படிந்த அட்டை.
தேதி, லிட்டர், ஓரத்தில் பென்சிலால்
பாகக் கணக்கில் ஆழம்.
பதினான்கு பக்கத்தின் மூலம்
உப்பில் ஊறி, என் கைக்கெட்டும் தூரத்தில்.

போனைத் தூக்கினேன். நோட்டை மூடிவிட்டார்.
"இதுல ஊர்க்கடன் கீது.
யாரு யாருக்கு எவ்ளோ தரணும்னு.
உன் பொட்டியில போட்டு
ஒலகத்துக்கே காட்டுவியா?"

ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்வது, அதுதான் எங்கள் வேலை.
நோட்டு லுங்கி மடிப்புக்குள் போயிற்று.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்.
ரிஷியின் மானத்தைக் காக்கத்தான்
நதியையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன்.
கொசஸ்தலைக்கும்
யாருக்காவது பாக்கி இருக்கும்.

அன்றிரவு பிடிஎஃபை நீக்கினேன்.
பதிப்பு எண்ணுக்குப் பின்னால்
நாலெழுத்து வால் முளைத்தது,
இதில் ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது என்று
தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்லும் வால்.
குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
அந்நாளில் முகத்துவாரம் அடைத்திருந்தது, புள்ளி பிழையன்று.
இந்த வரிக்கு மூலம் எங்கே என்று
யாராவது கேட்டால்
என்னிடமும் இல்லை.

சொல்ல விட்டுப்போயிற்று.
கிளம்பும்போது அந்த முன்னூறை
நானே கொடுத்தேன்.
நோட்டை எடுத்து,
பென்சிலை நாக்கில் தொட்டு,
எழுதிக்கொண்டார்.
யார் பெயரில் என்று
எட்டிப் பார்த்தேன்.
கையால் மறைத்துக்கொண்டார்.