அசைபோடுதல்

கடற்கரையிலிருந்து வந்த போதகர்
ஒரு விரலை மடக்கினார்: குளம்பு பிளந்திருக்க வேண்டும்.
இன்னொன்றை மடக்கினார்: தின்றதை அசைபோட வேண்டும்.
இரண்டும் இருந்தால் சுத்தம்.
ஒன்றிருந்து ஒன்றில்லை என்றால்
ஒன்றுமே இல்லாததற்குச் சமம்.

நெபில்யர் பள்ளத்தாக்கின் எங்கள் கரையில்
அசைபோடும் விலங்கு அன்று எதுவும் இல்லை.
மாட்டைப் படத்தில் காட்டினார்.
படத்தில் அதன் வாய் மூடியிருந்தது.

என் கணவன் கௌக்லா
ஆற்றில் மூழ்கி எழுந்த ஓய்வுநாளில்
எங்களிடம் ஏழு பன்றிகள்.
ஆறை அக்கரை லூத்தரன் உறவுக்காரர்கள்
கயிறு கட்டி ஓட்டிப்போனார்கள்.
அவர்கள் கையிலும் அதே வேதாகமம்தான்.
அந்தப் பக்கத்தை எப்படியோ
ஈரம் படாமல் தாண்டிவிட்டிருந்தார்கள்.

ஏழாவதை நான் கொடுக்கவில்லை.

அது பிறந்த மூன்றாம் நாள் அதன் தாய் செத்தது.
என் மகள் மண்ணுக்குள் போய் அப்போது ஒரு வாரம்.
பால் கட்டி மார்பு கல்லாய்க் கிடந்தது.
யார் யாரைக் காப்பாற்றினோம் என்பது
இன்றும் எனக்குத் தெளிவில்லை.

ஒருவேளை யாரும் சரியாகப் பார்க்கவில்லையோ என்று
அன்றிரவு அதன் பக்கத்தில் விழித்திருந்தேன்.
ஒரு கூடை சர்க்கரைவள்ளி.
தோலோடு, மண்ணோடு, கூடையின் நாரில் பாதியோடு
விழுங்கி முடித்துப் படுத்துக்கொண்டது.
நெருப்பு தணிந்த பிறகு
தாடையில் விரல் வைத்துப் பார்த்தேன்.
அசைவில்லை.
போனதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவரும்
பழக்கமே அதற்குக் கிடையாது.
முந்தின நாள் வேலி உடைத்ததற்கு
நான் அடித்த அடியும் அப்படித்தான்
உள்ளே போனது போனதுதான்.

விடியும்வரை அசைபோட்டது நான்.

என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவர
என் அப்பனுக்கு இவர்கள் கொடுத்தது
பதினான்கு பன்றி, மூன்று முத்துச்சிப்பி.
சிப்பிக்கும் துடுப்பில்லை, செதிலில்லை.
அப்படியென்றால் எனக்காக
எதைத்தான் கொடுத்தார்கள்?
என் தம்பியைக் கொன்ற குலத்தார்
இருபது பன்றிகளை வரிசையாகக் கட்டி
ஈட்டிகளை முறித்துப்போட்டார்களே,
அந்தச் சமாதானம் செல்லுமா?

கேட்டேன்.
நல்ல மனிதர்; உடனே பதில் சொல்லவில்லை.
புத்தகத்தைத் திறந்தார், நகத்தால் வரிகளைத் தடவினார்,
பிறகு என் கைகளைப் பார்த்தபடி,
"தின்னக் கூடாது. செத்ததைத் தொடக் கூடாது.
உயிரோடிருப்பதைத் தொடுவது பற்றி
இங்கே ஒன்றும் இல்லை" என்றார்.

ஒரு பன்றி நுழையும் அளவுக்கு
வேலியில் அது போதுமான சந்து.

பிறகு எத்தனையோ விருந்துகள் வந்துபோயின.
அக்கரையில் குழி தோண்டி, கல் சுட்டு,
வாழையிலை மூடிய புகை எங்கள் கூரைவரை வந்தது.
கௌக்லா கதவைச் சாத்திக்கொண்டு
கீரையை மென்றான், மென்றுகொண்டே இருந்தான்.
அந்த ஆறும் போனது தெரியும்.
என்னுடையது மட்டும் கொழுத்தது,
கிழடானது, ஒரு கண் வெளுத்தது.
அசுத்தம் என்ற சொல்லுக்குள்
கத்தி வர வழியில்லை.
நம் முன்னோர் காலத்திலிருந்து
முதுமையில் செத்த பன்றியை
இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் மிஷனுக்கு ஒரு மாடு வந்தது.
எல்லாரும் போய் வாயைப் பார்த்தோம்.
ஆமாம், அசைந்தது.
கண் மட்டும் எங்களில் யாரையும் பார்க்கவில்லை.

போன ஓய்வுநாள் இரவு முழுக்க மழை.
காலையில் ஆலய வாசல்வரை சேற்றில் தடங்கள்,
ஒவ்வொன்றும் நடுவில் சுத்தமாகப் பிளந்து.
"மாடு அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறது"
என்றார் போதகர், புன்னகையோடு
காலணியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்.

நான் தலையசைத்தேன்.
சேற்றில் வாய் பதிவதில்லை.