இயல்பான இடம்

மஞ்சக்குப்பம் மைதானம்,
எழுபத்தெட்டாவது நிமிடம்.
தில்லைக்கரசி அடித்த பந்து
என் முழங்கைக்குக் கீழே பட்டது.
பட்டதா என்று கேட்டால், பட்டதுதான்.
தொட்டுப் பார்த்தால் இன்னும் காந்துகிறது.

விசில்.
ரெஃப்ரி ஜெசிந்தா
பெனால்டி புள்ளியை நோக்கிக் கை நீட்டுகிறாள்.
"வேணும்னு செய்யலக்கா."
"வேணும்னு செஞ்சேன்னு நான் சொல்லல.
கை இயல்பான இடத்துல இல்ல.
உடம்பைப் பெருசாக்கிட்டே."

சட்டம் அப்படித்தான் சொல்கிறது.
பயிற்சியில் பத்து முறை கேட்டு
தலையாட்டியிருக்கிறேன்.
இன்றைக்கென்னவோ அது
எங்கள் தெருவின் குரலில் கேட்டது.
ஒடுங்கி நில்லு.
கையை வீசி நடக்காதே.
பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இவ்ளோ இடம்?

எம்பும்போது கை விரியாதா,
கொக்குக்கு விரியவில்லையா
என்றெல்லாம் கேட்க
ஆட்டத்தில் நேரமில்லை.
அதுவுமில்லாமல்
உண்மையைச் சொன்னால்
கை கொஞ்சம் உயரத்தில்தான் இருந்தது.

எல்லோரும் பெட்டிக்கு வெளியே போனோம்,
பந்துக்குப் பின்னால்,
பத்து கஜம் தள்ளி.
தேவனாம்பட்டினத்துக் காற்று
சுண்ணாம்புக் கோட்டை ஊதிக் கலைக்கிறது.
உள்ளே ரோஸ்லின் மட்டும்.
உதைக்கும் வரை
ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும்.
மற்றபடி அவள்
எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆகலாம்,
யாரும் விசிலடிக்க மாட்டார்கள்.

ஆனாள்.
இரண்டு கையும் விரித்து
இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே
இருக்கும் வானத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு
குதித்தாள்.
சரியான பக்கம்தான் பாய்ந்தாள்.
கையுறை நுனியில் உரசி
பந்து உள்ளே போனது.
வலையிலிருந்து எடுத்து வந்தவள்
என்னை ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பண்ருட்டி பஸ்ஸில் கூட்டம்.
ஜன்னலோரம் நான்.
தள்ளி உட்காரச் சொல்லி உட்கார்ந்தவர்
கோண்டூர் தாண்டும் முன்
இரண்டு முட்டியையும் அகட்டி
என் சீட்டில் பாதியை எடுத்துக்கொண்டார்.
கண்டக்டரிடம் விசில் இருந்தது.
ஊதினார்,
பஸ் நகர்வதற்காக.

மடியில் ஒடுக்கி வைத்திருந்த,
காந்துகிற அந்தக் கையை
எடுத்து
அது தானாக எங்கே விழுகிறதோ
அங்கே விட்டேன்.
அவர் விலாவில் விழுந்தது.
திரும்பிப் பார்த்தார்.
நெல்லிக்குப்பம் ஆலையின் வெல்லப்பாகு வாசம்
ஜன்னலில் ஏறும் வரை
எடுக்கவில்லை.