நாலாவது சீட்டுக்காரிக்கு

தெய்வக்கனி,
டோம்பிவிலி எட்டு பதினாலு ஸ்லோவில்
ஒன்பது மாதம் நாம் பேசிக்கொண்டதில்லை.
நாலாவது சீட்டின் விளிம்பில்
பாதி உடம்பு காற்றில் தொங்க
நீங்கள் பிரித்து வைத்திருந்த பக்கத்தில்
ஒரு 'ழ'வைப் பார்த்தேன்.
பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஷிண்டே அக்காவின்
தோளுக்கு மேலாக எட்டி
"எத்தனாவது பக்கம்?" என்றேன்.

அந்த உரிமையில் சொல்கிறேன்:
இதைப் படியுங்கள்.

அட்டையைப் பார்க்காதீர்கள்.
யாரோ ரோஜாப்பூ போட்டுவிட்டார்கள்,
கதையில் ஒரு பூகூடக் கிடையாது.
அதனால்தான் மராட்டிக் காலண்டர் தாளில்
உறை போட்டிருக்கிறேன்.
முதுகில் ஏகாதசி தெரியும், பரவாயில்லை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரி.
கணக்கெழுதும் பெண்
தினமும் ஒரு பாளம் குறைத்து எழுதுகிறாள்.
அந்த ஒரு பாளம் எங்கே போகிறது?
இதற்கு மேல் என் வாயைப் பிடுங்காதீர்கள்.

சரி, ஒன்றே ஒன்று:
கரண்ட் போன ஓர் இரவில்
மேஜை இல்லாமல், பாளத்தின் மேலேயே
பேரேட்டை விரித்து எழுதுகிறாள்.
காலையில் தாளில் ஒன்றுமில்லை.
பாளத்துக்குள் நீலமாய் இறங்கியிருக்கிறது
ஒரு வருஷத்துப் பொய்.

முதல் முப்பது பக்கம்
பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.
எழுதியவளுக்கு இது முதல் நாவல்.
எதற்கெடுத்தாலும் ஒரு 'போல',
நிலாவை ஐந்து தடவை கூப்பிடுகிறாள்.
எண்பத்தெட்டாம் பக்கத்தில் செல்லப்பா
செல்லையா ஆகிவிடுகிறார்,
யாரும் கவனிக்கவில்லை, அவர் மனைவிகூட.
இனியொரு தடவை எழுத விடமாட்டார்கள் என்பதுபோல
வீட்டிலிருந்த பாத்திரம் பண்டமெல்லாம்
ஒரே வண்டியில் ஏற்றிவிட்டாள்.
பாருங்கள், நானும் 'போல' போட்டாயிற்று.
எனக்கு அதுதான் பிடித்தது.
கைதேர்ந்தவர்கள்
அடுத்த புத்தகத்துக்கென்று எதையாவது எடுத்துவைக்கிறார்கள்.
இவள் அடுத்தது எழுதவே இல்லை, தேடிவிட்டேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை
வண்டியில் படிக்காதீர்கள்.
பைகுலாவில் இறங்க வேண்டியவள்
மஸ்ஜித் தாண்டி, சி.எஸ்.டி.யில் பெட்டி காலியாகி,
பெருக்க வந்தவர் "தாயி, உதரா" என்றதும்தான்
தலையைத் தூக்கினேன்.
அரை நாள் சம்பளம் போச்சு.
சுற்றிலும் மீன் ஐஸ் வாடை.
அது பக்கத்துப் பெட்டி மீன்காரிகளின்
கூடையிலிருந்தும் வந்திருக்கலாம்.

இன்னொன்று.
இதற்கு முன் இரண்டு பேருக்குக் கொடுத்தேன்.
"முடிவு சரியில்லை" என்றாள் நாத்தனார்,
நாலு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.
முலுண்ட் அல்போன்சா
புத்தகத்தோடு மஸ்கட்டுக்கே போய்விட்டாள்.
இது என் இரண்டாவது பிரதி, மூன்றாவது கிடைக்காது.
பின்னட்டைக்குள் பென்சிலால் என் நம்பர்,
திருப்பித் தருவதற்கு மட்டும்.

பிடிக்காவிட்டால்
பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள்.
ஆனால் காட்கோப்பர் கூட்டம் ஏறின பிறகு சொல்லுங்கள்,
நமக்கு நடுவில் பத்துப் பேர் நெரிக்கையில்,
என் முகம் உங்களுக்குத் தெரியாமல்.