வெளியே, ஒரு தூக்குப்போசி

செங்கோடன் படத்தில்
பேசுகிறவன் முகம் வராது.
கேட்கிறவளின் பின்கழுத்துதான் வரும்.
கேமரா இடுப்புயரம்.
வசனம் முடிந்து ஏழு எண்ணும்வரை
வெட்டு கிடையாது.
ஐந்து படம், பதினோரு வருடம்.
பெயர் போடும் முன்பே
வெள்ளகோவில் தியேட்டரில் எவனாவது கத்துவான்:
"பின்கழுத்துக்காரன் வந்துட்டான்டோய்!"

நான் அவனுடைய இணை இயக்குநர்.
அவனைவிட இரண்டு வயது மூத்தவன்,
கணக்கு வைப்பவன்.
எந்தக் கையில் எத்தனை வளையல்,
கடிகாரத்தில் மணி என்ன,
வெயில் கிளுவை வேலியைத் தாண்டிவிட்டதா
எல்லாம் என் நோட்டில் இருக்கும்.

ஆறாவது படம். மூலனூர்ப் பக்கம் ஓர் இட்டேரி.
காட்டை விற்றுவிட்டதைக் கணவன் சொல்ல வேண்டும்,
மனைவி கேட்க வேண்டும்.
அன்றைக்கென்று பார்த்து அவனுக்கு டெங்கு.
நடிகருக்கு மறுநாள் ஐதராபாத் விமானம்.
"நீங்களே எடுத்துருங்ண்ணா" என்றான் போனில்,
பின்னால் யாரோ பிளேட்லெட் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க.

எடுத்தேன்.
பின்கழுத்து. இடுப்புயரம். ஏழு.
ஏழாவது எண்ணில் காற்றாலை இறக்கையின் நிழல்
கோகிலவாணியின் ரவிக்கைமேல் ஏறி இறங்கியது,
காசு கொடுத்தாலும் வராத நிழல்.
லைட்மேன் காளியண்ணன் கை தட்டிவிட்டு
சுற்றிலும் பார்த்தார்,
தட்டலாமா என்று.

நாலாம் நாள் தாராபுரம் லாட்ஜில்
கையில் பஞ்சு ஒட்டியபடி அவன் பார்த்தான்.
ஒருமுறை. மறுபடி.
மூன்றாம் முறை ஒலியை அடைத்துவிட்டு.
சாத்துக்குடி உரிப்பதை நிறுத்தி,
"ஏனுங்ண்ணா, இந்தப் புள்ள
எதையப் பாத்துட்டு நிக்குது?"

எதையும் இல்லை.
அந்தப் பக்கம் ஜெனரேட்டர் வண்டி,
பிஸ்கட் தின்னும் இரண்டு டிரைவர்கள்.
முகந்தான் வரப்போவதில்லையே.

அவன் வேறொன்றும் கேட்கவில்லை.
எனக்குத்தான் காது சுட்டது.
அறைக்குப் போய்ப் பழைய நோட்டுகளை இறக்கினேன்.
ஒவ்வொரு பின்கழுத்துக்கும் கீழே
என் கையெழுத்திலேயே:
வெளியே: வார் அறுந்த செருப்பு.
வெளியே: செத்த மாட்டின் மூக்கணாங்கயிறு.
வெளியே: கரண்டு பில், தேதி தாண்டியது.
ஷாட்டுக்கு முன்னால் அவன் நடந்துபோய்
அவள் கண்ணுக்கு நேராக
எதையாவது வைத்துவிட்டு வருவான்.
படத்தில் வராததற்கு எதற்குக் கணக்கென்று
சலித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

ஏழும் அப்படித்தான்.
அவன் எண்ணியதே இல்லை.
அவள் பார்த்து முடிக்க ஆன நேரம் அது.
சிலசமயம் நாலு. ஒருமுறை பத்தொன்பது.
ஏழு என்று எழுதியவர்கள் பத்திரிகைக்காரர்கள்,
நம்பியவன் நான்.

நடிகர் திரும்பி வரவில்லை.
மறுபடி எடுத்தபோது அவள் மட்டும்.
முகம். கண்ணுயரம்.
கேமராவை ஒட்டி நின்று
கணவனின் வசனத்தை நான் வாசித்தேன்:
"காட்டக் குடுத்துட்டேன் புள்ள. கெரயம் முடிஞ்சுது."
அவள் என்னைப் பார்க்கவில்லை.
என் தோளுக்குப் பின்னால்
அவன் வேலியில் மாட்டிவிட்டுப் போனதைப் பார்த்தாள்.
சிரிக்கப் போகிறவள் போல ஒருதரம்
உதட்டை மடித்துக்கொண்டாள்.
யாரும் எண்ணவில்லை.

வெள்ளகோவிலில் முதல் காட்சி.
திரை நிறைய அந்த முகம் வந்ததும்
பின்வரிசையிலிருந்து ஒருவன், கத்தாமல்,
பக்கத்துச் சீட்டுக்குச் சொல்வதுபோல:
"அவனேதான்டா."

நிழல் ஏறி இறங்கிய என் ஷாட்
ஏதோ ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது.
இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது.

நோட்டில் அன்றைய பக்கம்:
காட்சி நாற்பத்தொன்று. மணி நாலேகால்.
இடது கையில் வளையல் இரண்டு.
வெளியே: தூக்குப்போசி ஒன்று,
மூடி இல்லாதது.