அரக்கு

ஏழாயிரத்து இருநூறு.
அதற்கு மேல் போனால்
ஜரிகைக் கடை பாக்கியில் கை வைத்ததாகும்.

திசையன்விளைக்குப் போன கல்யாண ரவிக்கை
கூரியரில் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச்சீட்டு:
‘படத்தில் சிவப்பு. பிரித்தால் அரக்கு.’
பதினெட்டு நாள் ஊசி வேலை. முதுகில் இரண்டு அன்னம்.
பொய் சொன்னது நானில்லை, என் போன்.
எல்லாரையும் சந்தோஷப்படுத்துகிற சுபாவம் அதற்கு.
மயில்கழுத்தை வெறும் நீலம் என்று சொல்லும்,
வெங்காயச் சருகை ரோஸ் என்று சொல்லும்.
தறிக்காரர் காதில் விழுந்தால் அடிக்க வருவார்.

அந்த ரவிக்கையையே பைக்குள் வைத்து
வீரவநல்லூரில் காலை பஸ் ஏறினேன்.

சமாதானபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி.
அலமாரியில் பழைய கேமராக்கள்
பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக.

ஞானதுரை முதலில் எடுத்து வைத்தது இருபது மெகாபிக்சல்.
‘எக்கா, இதுல எடுத்தா பஸ் ஸ்டாண்டு போர்டு அளவுக்குப் பெருசாக்கலாம்.’
என் ரவிக்கை முப்பத்தாறு அங்குலம்.
போர்டு யாருக்கு?

அடுத்தது பத்தாயிரம். பை இலவசமாம்.
அதற்கடுத்தது ஐயாயிரத்து நானூறு. ஆசையாகத்தான் இருந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்குள் பூஞ்சை,
ஐப்பசிச் சுவரில் படருமே, அதே மாதிரி.
‘படத்துல விழாதுக்கா.’
‘அப்ப வெலையில விழட்டும்.’
சிரித்தார். விலை விழவில்லை.

கீழ்த்தட்டில் ஒன்று, மூலை தேய்ந்து,
பேட்டரிக் கதவுக்கு ரப்பர் பேண்ட் போட்டு.
‘இது பத்து மெகாபிக்சல்தான், பொறவு என்னய கொற சொல்லப்படாது.’
ரவிக்கையை மேஜையில் விரித்து எடுத்தேன்.
ட்யூப்லைட் வெளிச்சத்தில் அரக்கு
கத்தரிக்காயாகிப் போனது.
மடித்து வைக்கப் போனேன்.

மூலையில் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்த செய்யது
தலை நிமிராமலே சொன்னான்:
‘வெள்ளை எதுன்னு நீங்கதாங்க்கா அதுக்குச் சொல்லணும்.
அதுக்கா தெரியாது.’

ரவிக்கையைப் புரட்டி
உள்ளே வைத்துத் தைத்த வெள்ளை மல் துணியைக் காட்டினேன்.
ஒரு பொத்தான். கேமரா கொஞ்சம் யோசித்தது.
மறுபடி எடுத்தேன்.

அரக்கு.

ஜன்னலோரம் போய் எடுத்தேன், மறுபடி வெள்ளையைக் காட்டி. அரக்கு.
படிக்கட்டு இருட்டில் புள்ளிபுள்ளியாக, ஆனாலும் அரக்கு.
இரண்டாவது அன்னத்தின் கழுத்தில்
ஒரு தையல் பிசகியிருந்ததும் தெரிந்தது.
நான் பார்க்காதது. திசையன்விளையும் பார்க்காதது.
சட்டென்று கட்டைவிரலால் திரையை மறைத்துக்கொண்டேன்,
ஞானதுரை பார்த்துவிடப் போகிறாரே என்று.

‘ஆறாயிரத்து ஐந்நூறு.’
‘சார்ஜரு?’
‘அதுக்கு முந்நூறு.’
‘சார்ஜர் இல்லாம வாங்கி நான் தீவாராதனையா காட்டுவேன்?’
ஆறாயிரத்து நானூறு, சார்ஜரோடு, கார்டோடு.
இன்னொரு பழைய பேட்டரி நானூறு; மின்தடையை நினைத்து வாங்கினேன்.
மீதியில் ஒரு தெர்மாகோல் அட்டை,
வெயிலை ரவிக்கை மேல் திருப்பிவிட. இது செய்யது சொன்னது.
கேமராவுக்குப் பை இல்லை.
ரவிக்கையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

சேரன்மகாதேவி தாண்டும்போது கார்டைத் திறந்து பார்த்தேன்.
முன்பு வைத்திருந்தவர் அழிக்காமல் விட்ட பதினொரு படம்.
பதினொன்றும் ஒரே தண்ணீர் மோட்டார்.
இடதுபுறம், வலதுபுறம், மேலிருந்து,
கருகிய வயர் கிட்டத்தில், அப்புறம் இன்னும் கிட்டத்தில்.
கடைசிப் படத்தில் பக்கத்தில் ஒரு செருப்பு,
ஒற்றைச் செருப்பு.
யாரிடம் காட்ட எடுத்தாரோ, அவர் நம்பினாரோ.

அழிக்கவா என்று கேட்கிறது கேமரா.
ஆம். இல்லை.
பஸ் குலுங்குகிறது.
விரல் இன்னும் பொத்தான் மேல்தான் இருக்கிறது.