பிளஸ்தான் எர்த்

ஓபன் துறைமுகம். கப்பல் வாய் திறந்தாயிற்று.
மூன்றாம் வரிசையில் என் பழைய எம்ஜி
'டிக்' என்றது. அதோடு சரி.

பின்னால் நின்ற மீன் வேன்காரன் டோர்க்கில்
கேபிளோடு வந்து பானெட்டைத் தூக்கினான்.
அங்கே ஏது பேட்டரி?
இருக்கைக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில்,
தகட்டுக்கும் அடியில்.
ஒரு திருகு துருவோடு துருவாகிவிட்டது.

தோள்வரை கைவிட்டேன்.
விரல்தான் பார்த்தது:
மணல், எவனோ தவறவிட்ட பென்னி,
அப்புறம் ஈயத்தலை.

"இதற்குப் பிளஸ்தான் எர்த்.
வண்டியும் வண்டியும் உரசக் கூடாது."
வேனை ஒரு முழம் பின்னால் எடுத்தான்.
தானும் ஒரு முழம் தள்ளி நின்றான்.

இருமியது. இருமியது.
பிடித்துக்கொண்டது.

கப்பல் போயிருந்தது. அடுத்தது நாலரைக்கு.
அணைத்தால் மறுபடி கிளம்பாது.
ஐஸுக்கு நடுவிலிருந்து
சூடாக ஒரு ஃபிளாஸ்க் எடுத்தான்.
எஞ்சின் சத்தத்துக்கு மேலே
கத்திக் கத்திப் பேசினோம்.