இருநூறு ரூபாய் வேலை

கோரிமேட்டில், ஏற்காடு பஸ் கியர் மாற்றுகிற முனையில்
என் கடை. ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்.
பல்பு, பியூஸ், செல்ப் மோட்டார், ஹாரன்.
ஹாரனைக் கூட்டித் தரச் சொல்லித்தான் எல்லாரும் வருவார்கள்.
ஊமையாக்கச் சொல்லி வந்தது
அந்த ஒரு வண்டி.

ஐப்பசி மழை. பதினெட்டாம் வளைவில் மண் சரிந்து
பாதி ரோட்டை மூடிக் கிடந்தது.
ராப்பகலாய் அள்ளிய பொக்லைன்
டயர் மாற்றக் கீழே வந்தபோது
என் வாசலில் நின்றது.
மாதேசு. மூன்று நாள் தூங்காத கண்.
இறங்காமலே சொன்னான்:
"அண்ணே, ரிவர்ஸ் எடுத்தா கத்துதே, அதை நிறுத்திடுங்க.
மேல ரிசார்ட்டுல தங்கறவங்க தூக்கம் கெடுதுன்னு
காண்ட்ராக்டருக்கு போன் மேல போன்.
எனக்கும் அது
மண்டைக்குள்ளயே குடிவந்திருச்சு."

பின்சக்கரத்துக்கு மேலே, தகட்டுக்கு உள்ளே
சேறு அப்பிய மஞ்சள் ஒயர்.
தீக்குச்சி கனம் இருக்கும்.
நறுக்கினேன்.
முனையில் நீல டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன்,
ஈரம் இறங்கக் கூடாது பாருங்கள்.
எதையும் சுத்தமாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.
நூறுதான் பெறும்.
இருநூறு கேட்டேன், கொடுத்தான்.

ஐந்தாம் நாள் காலையில் மேலே பனி.
நீட்டிய கை தெரியாத பனி.
பூங்காவனம் கொடியோடு நின்றிருந்தாள்.
கொடி என்று காண்ட்ராக்டர் சொல்வது
ஒரு சிவப்புப் பாவாடையின் கிழிசல்.
கீழிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தியிருக்கிறாள்.
ஜன்னலில் ஒரு குழந்தை டாட்டா காட்டியதாம்.
இவளும் காட்டியிருக்கிறாள்.
அதற்குள்.

அந்த "அதற்குள்" என்கிற இடத்தில்
ஒரு சத்தம் இருந்திருக்க வேண்டும்.

பேப்பரில் நான்கு வரி வந்தது.
பனி என்று எழுதியிருந்தார்கள்,
டிரைவரின் தூக்கம் என்று எழுதியிருந்தார்கள்.
அவள் ஏன் அங்கே நின்றாள் என்றும் ஒருவர் கேட்டிருந்தார்.
தகட்டைக் கழற்றி யாரும் பார்க்கவில்லை.
நான் டீக்கடையில் அதைப் படித்து
மடித்து
பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

மாசியில் அதே வண்டி வந்தது.
கூடவே ஒரு ஆட்டோ.
ஆட்டோவிலிருந்து முதலில் ஒரு கட்டை இறங்கியது,
பிறகு ஒரு கால்,
பிறகு அவள்.
இப்போது சைட்டில் நடை எழுதுகிறாளாம், நோட்டும் பேனாவும்.
"அந்தச் சத்தத்தை மாட்டிக் குடுங்க" என்றாள்.
"மாட்டாம இவன் சாவியைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."
மாதேசு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தகட்டைத் திறந்தேன்.
நீல டேப். மூன்று சுற்று.
ஒரு சொட்டு ஈரம் இறங்கவில்லை.

"தானா அறுந்ததுங்களா?"

"இல்லம்மா. நறுக்கினது."

"யாரு?"

பிளையர் என் கையில் இருந்தது.
அவள் அதைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள்,
கடைக்குள் கம்பியில் தொங்கிய
நீல டேப் சுருள்களைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
கட்டையை மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

ஒயரை மாட்டி முடித்தால் நான் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு:
"யாராச்சும் பின்னாடி நின்னு கேளுங்க."
வாயில் வந்துவிட்டது பாதி.
அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள், பின்பக்கமாக.
ஓடிப்போய் நானே நின்றேன்.

மாதேசு ரிவர்ஸ் போட்டான்.
அது கத்தியது.
கத்திக்கொண்டே வந்தது, யானைக்குட்டி உயரச் சக்கரம்,
அதன் சேறு, அதன் சூடு.
எனக்கு நகரத் தெரிந்தது.
தெரிந்தும் கொஞ்சம் தாமதித்தேன்,
எவ்வளவு நேரம் அவளுக்குக் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க.
ஏழு கத்தல்.
ஏழு கத்தலில் ஒரு குழந்தைக்கு டாட்டா காட்டி முடித்து
தேநீர் ஊற்றிக் குடிக்கலாம்.

காசு வேண்டாம் என்றேன்.
இரண்டு நூறு ரூபாய்த் தாளை
பேட்டரி மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இப்போதும் வருகிறார்கள், மாதம் ஒருவர்.
"பிளையர் இல்லீங்க" என்று சொல்லி அனுப்புகிறேன்,
பிளையர் பையில் இடிக்க இடிக்க.
அவர்கள் சண்டை போடுவதில்லை.
நாலு கடை தள்ளி
நூற்றைம்பதுக்கே செய்து தருகிறார்கள்.